பிராட்பேண்ட் ஆக்சஸ்

பிராட்பேண்ட் ஆக்சஸ் என்பது, வெளியூர்ப் பணியில் மடிக்கணினி பயன்படுத்துவோரை முதன்மையாகக் கருதி அமெரிக்காவின் வெரைசான் வயர்லெஸ் நிறுவனம் வழங்கிய கம்பியில்லா அகலப்பட்டைச் சேவை. 2003 அக்டோபரில் வாஷிங்டன் டி.சி., சான் டியேகோ ஆகிய நகரங்களில் தொடங்கியது; மாதக் கட்டணம் 79.99 டாலர். மூன்றாம் தலைமுறைக் கைபேசி வலையமைப்பின் இவி-டிஓ தொழில்நுட்பம், 1.25 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை முழுவதையும் குரலுக்குப் பங்கின்றித் தரவுக்கே ஒதுக்கியதால் உச்ச வேகம் நொடிக்கு 2.4 மெகாபிட்டை எட்டியது. நடைமுறையில் கிடைத்தது 300 முதல் 500 கிலோபிட். தொலைபேசி வழி டயல்-அப் இணைப்புடன் ஒப்பிட அதுவே பெரும் பாய்ச்சல். மடிக்கணினியின் பக்கவாட்டில் செருகும் பிசி கார்டு, வெளியே நீண்ட சிறு ஆன்டெனா வழியே கைபேசிக் கோபுரத்தோடு தொடர்புகொண்டது. வரம்பற்ற சேவை என விளம்பரம் செய்துவிட்டு, மிகுதியாகப் பயன்படுத்தியோரின் இணைப்பைத் துண்டித்த விவகாரத்தில், 2007இல் நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞருடன் உடன்பாடு கண்ட நிறுவனம், வாடிக்கையாளர்களுக்கு 10 லட்சம் டாலரைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது.