பலாலிக்கு வந்த அவ்ரோ

பலாலி ஓடுபாதை இரண்டாம் உலக யுத்தகாலத்திற் பிரித்தானிய விமானப்படை அமைத்தது. 1947 டிசெம்பர் 10ஆம் நாள் எயர் சிலோனின் முதற் சேவை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னை சென்றது. இறங்கியது பலாலியிலே, பெயர் மாத்திரம் காங்கேசன்துறையுடையது.

அன்று பறந்தது டகோட்டா. உலகின் சிறு நிலையங்களையெல்லாம் இணைத்த அவ்விமானம் மூப்படைந்தபோது, அதன் இடத்தை நிரப்புவது எது என்ற வினா எழுந்தது. ஜெட் விமானத்துக்கு நீண்ட பாதை வேண்டும். குறும்பயணத்தில் அதன் எரிபொருட் செலவும் மிகுதி.

யுத்தத்தில் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்களைச் செய்த அவ்ரோ நிறுவனத்தாரின் விடை 748 என்னும் விமானம். 1957இற் பிரித்தானிய அரசு போர்விமானத் திட்டங்களைக் குறைக்க, அவர்கள் பயணிகள் விமானத்தின் பக்கம் திரும்பினர். 1960 ஜூன் 24இல் அது முதன்முதற் பறந்தது. அதில் இரண்டு றோல்ஸ் றொய்ஸ் டார்ட் இயந்திரங்கள். காற்றை நெருக்கி, மண்ணெண்ணெயை ஒத்த எரிபொருளை அதில் எரித்து, வெவ்வாயுவாற் சுழலியை ஓட்டி, அச்சுழலியின் வேகத்தைப் பற்சில்லுகளாற் குறைத்து விசிறியைச் சுற்றுவதே அவற்றின் தொழில்.

முதல் வகையை வலிய இயந்திரங்களுடன் இரண்டாம் வகை தொடர்ந்தது. பின்னர் 2ஏ, 2பி என வந்தன. 2பியின் இறக்கைகள் சற்றே நீண்டவை. இவற்றினும் விந்தையானது அன்டோவர் என்னும் இராணுவ வகை. வால் உயர்த்தப்பட்டு, பின்புறத்தில் வாகனம் ஏறும் சாய்தளம் அமைந்த இது, பாரம் ஏற்றும்போது யானைபோலத் தன் கால்களை மடித்துத் தாழும். இந்தியாவிற் கான்பூரிலும் 89 விமானங்கள் உருவாயின.

எயர் சிலோனும் 748ஐ வாங்கிப் பலாலிக்குப் பறக்கவிட்டது. 1978 செப்டெம்பர் 7இல், பலாலியிலிருந்து வந்த பயணிகள் இறங்கியபின், இரத்மலானையில் அது குண்டினாற் சிதைந்தது.

குறும்பாதையில் இறங்கவல்ல இதன் குணமே யுத்தத்துக்கும் உகந்ததாயிற்று. 1995 ஏப்ரில் 28இலும் 29இலும் இலங்கை விமானப்படையின் இரண்டு அவ்ரோக்கள் பலாலியருகே சுட்டு வீழ்த்தப்பட்டன; ஏறியிருந்தோர் அனைவரும் மாண்டனர். சுற்றுக் கிராமத்தவரோ அதற்கு முன்னரே தம் வீடுவாசல்களை விட்டு வெளியேற நேர்ந்திருந்தது.

2019 ஒக்டோபர் 17இற் பலாலி சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பர் 11இற் சென்னையிலிருந்து வந்தது ஏ.டி.ஆர். 72. இதுவும் இரட்டைச் சுழலி விசிறி விமானமே. அவ்ரோவின் இறக்கை உடலுக்குக் கீழே. இதன் இறக்கை மேலே. ஆகவே யன்னலோரத்தில் அமர்ந்தவர் பாக்குநீரிணையைத் தடையின்றிக் காணலாம்.