மூன்று முதலாளிகள், ஒரு மின்ரயில்: சிகாகோ – மில்வாக்கி நார்த் ஷோர் பாதையின் வரலாறு

அமெரிக்க நகரங்களை இணைத்த மின்ரயில் பாதைகள் இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் வேகமாகப் பரவின. உச்சத்தில் அவற்றின் நீளம் சுமார் 15,500 மைல். நகரத் தெருக்களில் டிராம்போல ஊர்ந்து, ஊர் எல்லையைத் தாண்டியதும் தனித் தண்டவாளத்தில் வேகமெடுக்கும் ரயில்கள் இவை. அடுத்த முப்பது ஆண்டுகளில் இவற்றில் பெரும்பாலானவை மறைந்துபோயின. மோட்டார் வண்டி வந்தது, மின்ரயில் போனது என்று ஒரே வரியில் இந்தக் கதையை முடித்துவிடுவது வழக்கம். அந்த விளக்கத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் 1963 வரை தாக்குப்பிடித்த ‘சிகாகோ நார்த் ஷோர் அண்ட் மில்வாக்கி’ பாதைக்கு அது போதாது. இந்தப் பாதையை மாறி மாறிக் கைக்கொண்டவர்கள் யாருக்கும் ரயில் ஓட்டுவது முதல் நோக்கமாக இருக்கவில்லை. ஒருவருக்கு நிலமும் கடன் பத்திரமும், இன்னொருவருக்கு மின்சாரம், கடைசியில் வந்தவர்களுக்கு வருமான வரி. பாதையின் எழுச்சியையும் முடிவையும் அங்கிருந்து பார்த்தால்தான் கணக்கு நேராகிறது.

தொடக்கம் மிக எளியது. மிச்சிகன் ஏரிக்கரையில் சிகாகோவுக்கு வடக்கே உள்ள வாக்கீகன் ஊரில் டிராம் ஓட்ட 1891இல் ஒரு நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. உள்ளூர்த் தெருக்களுக்கான அந்தத் தண்டவாளம் சிறிது சிறிதாகத் தெற்கே நீண்டு, 1899இல் சிகாகோவின் வாசலான எவன்ஸ்டனைத் தொட்டது. அதற்குள் நிறுவனத்தின் பெயர் ‘சிகாகோ அண்ட் மில்வாக்கி எலக்ட்ரிக்’ என்று மாறியிருந்தது. அந்த இரு நகரங்களில் எதையும் அது அப்போது எட்டியிருக்கவில்லை. பெயர் மட்டும் முன்னே ஓடியது.

அந்தப் பெயரை மெய்யாக்கக் கிளம்பியவர் ஏ. சி. ஃப்ராஸ்ட். 1903இல் லேக் பிளஃபிலிருந்து மேற்கே லிபர்ட்டிவில்லுக்கு ஒரு கிளை போட்டார். அது 1905இல், அன்று ராக்கஃபெல்லர் என்று வழங்கிய அடுத்த ஊர்வரை நீண்டது. 1904இல் ஹைலண்ட் பார்க்கின் தென்பகுதியில் ராவினியா பூங்காவைத் திறந்தார். கேளிக்கைகளும் இசை அரங்கும் கொண்ட அந்தப் பூங்காவின் வேலை ஒன்றுதான்: ஞாயிற்றுக்கிழமைகளில் காலியாக ஓடும் பெட்டிகளை நிரப்புவது. பூங்காவை வைத்து ரயிலுக்குக் கூட்டம் சேர்ப்பது அன்றைய டிராம் நிறுவனங்கள் எல்லாம் கையாண்ட உத்தி. ஃப்ராஸ்டின் பூங்கா மட்டும் ரயிலைவிட நீண்ட ஆயுளோடு பிழைத்து, இன்று ராவினியா இசை விழாவாக நாடறிந்து நிற்கிறது.

ஃப்ராஸ்டின் பணம் பெரும்பாலும் அவருடையதல்ல. கடன் பத்திரங்களை விற்றும் வங்கிகளில் வாங்கியும்தான் மில்வாக்கியை நோக்கித் தண்டவாளம் போட்டார். அதே காலத்தில் அலாஸ்காவிலும் ஒரு ரயில் பாதையில் இறங்கியிருந்தார். இரண்டுக்கும் பெருந்தொகை கடன் கொடுத்தது கனடாவின் ‘சாவரின் வங்கி’. 1907 நிதி நெருக்கடியில் கடன் பத்திரச் சந்தை உறைந்தது. 1908 ஜனவரியில் மின்ரயில் நிறுவனம் நீதிமன்றம் நியமித்த நிர்வாகிகளின் கைக்குப் போனது. கடன் கொடுத்த வங்கியும் அதே மாதம் வீழ்ந்தது. வேடிக்கை என்னவென்றால், மில்வாக்கிக்கு முதல் ரயில் போய்ச் சேர்ந்தது இந்தத் திவாலுக்குப் பிறகு, அதே 1908ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில்தான். கட்டத் தொடங்கியவர் போய்விட்டார். வேலையை முடித்தது நீதிமன்றம்.

எட்டு ஆண்டுகள் நிர்வாகிகளின் பொறுப்பில் கிடந்த பாதையை 1916இல் சாமுவேல் இன்சல் எடுத்தார். லண்டனில் பிறந்து, எடிசனின் செயலாளராக அமெரிக்கா வந்து, சிகாகோவின் மின்சாரத்தை முழுக்கத் தன் பிடியில் கொண்டுவந்தவர். நகரின் உயர்மட்ட ரயில்களும் அவர் வசமே இருந்தன. பாதைக்கு ‘சிகாகோ நார்த் ஷோர் அண்ட் மில்வாக்கி’ என்ற பெயர் வந்தது அவர் காலத்தில்தான். மின் உற்பத்தியாளருக்கு ரயில் எதற்கு? விளக்கெரிக்கும் மின்சாரம் மாலையில் மட்டும் விற்கும். ரயில் ஓட்டும் மின்சாரம் காலையிலும் பகலிலும் விற்கும். மின்நிலையத்தின் இயந்திரங்கள் சும்மா நிற்காமல் இருக்க அப்படியொரு பெரிய வாடிக்கையாளர் தேவை. ரயில் போகும் வழியெல்லாம் புறநகர் வளர்ந்தால் வீட்டு இணைப்பும் பெருகும். ரயிலின் இலாபநட்டக் கணக்கை மட்டும் தனியே எடுத்துப் படித்தால் இன்சலின் முதலீடு புரியாது.

அவர் கையில் நடந்த முதல் பெரிய மாற்றம் 1919 ஆகஸ்ட் 6 அன்று நிகழ்ந்தது. அதுவரை மில்வாக்கிப் பயணி எவன்ஸ்டனில் இறங்கி வேறு ரயில் பிடிக்க வேண்டும். அன்றிலிருந்து நார்த் ஷோர் ரயில்கள் உயர்மட்டத் தண்டவாளத்தின் மேலேயே ஓடி, நகர மையமான லூப் வரை நேராக வந்தன. இரண்டு நிறுவனங்களும் ஒரே மனிதரின் அதிகாரத்தில் இருந்ததால் நடந்த காரியம் இது. சிகாகோவுக்கு வந்த மற்ற பல மின்ரயில்கள் ஊர் எல்லையிலேயே நின்று நலிந்ததை நினைத்தால், நார்த் ஷோர் அரை நூற்றாண்டு நிலைத்ததற்கு இந்த ஒரு ஏற்பாடே பாதிக் காரணம் எனலாம்.

வழித்தடத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். சிகாகோவில் ஆடம்ஸ் – வபாஷ் நிலையத்திலிருந்து வடக்கே உயர்மட்டப் பாதையில் வில்சன், ஹோவர்ட். அங்கிருந்து பழைய கரையோர வழி எவன்ஸ்டனைக் கடந்து, வில்மெட்டில் கிரீன்லீஃப் அவென்யூவின் நடுத்தெருவில் மரநிழலில் மெதுவாக ஊர்ந்து, கெனில்வொர்த், வினெட்கா, கிளென்கோ, ராவினியா, ஹைலண்ட் பார்க் வழியாகப் போகும். ஹைவுட்டில் பணிமனை. அடுத்து ஃபோர்ட் ஷெரிடன் படைமுகாம், லேக் ஃபாரஸ்ட், லேக் பிளஃப், கிரேட் லேக்ஸ் கடற்படைப் பயிற்சி நிலையம். விடுப்பில் போகும் சிப்பாய்களும் மாலுமிகளும் இரண்டு உலகப் போர்களிலும் இந்தப் பெட்டிகளை நிரப்பினார்கள். வாக்கீகனுக்கு வடக்கே சயான் வழியாக விஸ்கான்சின் எல்லையைத் தாண்டினால் கெனோஷா, ரசீன், கடைசியில் மறுபடி தெருவுக்குள் இறங்கி மில்வாக்கி. மொத்தம் சுமார் 140 கி.மீ.

கரையோர வழியின் குறை இந்தப் பட்டியலிலேயே தெரிகிறது: ஊர்கள் நெருக்கம், தெருக்கள் குறுக்கே. வேகம் கூட்ட வழியில்லை. இன்சல் மேற்கே விலகி, வயல்வெளியில் தன் மின் நிறுவனத்தின் உயரழுத்தக் கம்பிகள் போகும் அதே நிலப்பட்டையில் புதிய பாதை போட்டார். அதுவே ஸ்கோக்கி வேலி வழி. 1925இல் ஹோவர்டிலிருந்து டெம்ப்ஸ்டர் வரையிலான பகுதியும், 1926 ஜூன் 5 அன்று வட சிகாகோ சந்திப்பு வரையிலான முழு வழியும் திறக்கப்பட்டன. கம்பிக்கும் தண்டவாளத்துக்கும் ஒரே நிலம்! மின்சாரமும் ரயிலும் அந்த மனிதருக்கு ஒரே வணிகம் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. வழியில் இருந்த நைல்ஸ் சென்டர் கிராமத்தில் மனை விற்பனை கொடிகட்டிப் பறந்தது. 1929க்குப் பின் சந்தை சரிந்தது. பிரித்த மனைகளில் வீடுகள் எழவில்லை. பலவற்றுக்கு இரண்டாம் உலகப் போர் முடியும்வரை காத்திருக்க நேர்ந்தது. 1940இல் அந்த ஊர் ஸ்கோக்கி என்று பெயர் மாறியது.

புது வழி திறந்த அதே மாதம் அதன் முதல் சோதனை வந்தது. சிகாகோவில் நடந்த கத்தோலிக்க நற்கருணை மாநாட்டின் நிறைவு நாள், ஜூன் 24, கிளைப் பாதையின் கடைசி ஊரில். ஃப்ராஸ்ட் காலத்து ராக்கஃபெல்லர், சிகாகோவின் கர்தினால் பெயரால் மண்டலின் என்று ஆகியிருந்தது. பல லட்சம் பேர் கூடிய அந்த நாளில் ஒரு சிறு கிளைப் பாதையில் ரயில்கள் இடைவிடாமல் போய்வந்தன.

இயக்க முறையில் ஒரு நுட்பம் குறிப்பிடத்தக்கது. உயர்மட்டப் பாதையில் மின்சாரம் தண்டவாளத்தின் அருகே ஓடும் மூன்றாம் தண்டவாளத்திலிருந்து வரும். ஊருக்கு வெளியே சாலைகள் குறுக்கிடும் இடங்களில் அது ஆளைக் கொல்லும். அங்கே மேலே கம்பி. ஸ்கோக்கி வழியில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற ரயிலை நிறுத்துவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஊழியர் கயிற்றைத் தளர்த்தி, கூரைமேல் உள்ள டிராலிக் கம்பத்தைக் கம்பியில் சேர்ப்பார். பெட்டிகளுக்கும் இரட்டை வாழ்க்கைதான். நகரில் உயர நடைமேடை, வெளியே தரைமட்டம். அதற்காக வாசலில் படிக்கட்டும், அதை மூடும் தூக்குப் பலகையும் வைத்திருந்தார்கள். சரக்கிலும் இந்த நிறுவனம் பழக்கத்தை மீறியது: 1926 முதல் டிரக்குகளின் பின்வண்டிகளை அப்படியே தட்டை வேகன்களில் ஏற்றிக் கொண்டுபோனது. பிற்காலத்தில் அமெரிக்க ரயில்வேக்கள் எல்லாம் பின்பற்றிய முறைக்கு இது ஒரு முன்னோடி.

இன்சலின் சாம்ராஜ்யம் 1932இல் சரிந்தது. நார்த் ஷோர் மீண்டும் நீதிமன்ற நிர்வாகத்துக்குப் போனது. இன்சல் கிரீசுக்குத் தப்பினார். 1934இல் பிடித்துக் கொண்டுவரப்பட்டு விசாரிக்கப்பட்டு விடுதலையானார். 1938இல் பாரிசில் சுரங்க ரயில் நிலையமொன்றில் மாரடைப்பால் இறந்தார். 1935இல் வந்த பொதுப்பயன்பாட்டு நிறுவனச் சட்டம் மின் நிறுவனங்கள் தொடர்பில்லாத தொழில்களைக் கைவிடும்படி நெருக்கியது. நுகர்வோரைக் காக்க வந்த நல்ல சட்டம்தான் அது. ஆனால் மின்சாரத்தின் தோளில் நின்ற மின்ரயில்கள் நாடெங்கும் அதனால் அனாதைகளாயின. இந்த விளைவுக்கு ரயில் வரலாறுகளில் உரிய இடம் தரப்படவில்லை என்பது என் எண்ணம்.

திவாலில் இருந்த நிறுவனத்திடமிருந்துதான் அதன் மிகச் சிறந்த ரயில் பிறந்தது. செயின்ட் லூயிஸ் கார் கம்பெனி கட்டிய இரண்டு ‘எலெக்ட்ரோலைனர்’ தொடர்கள் 1941 பிப்ரவரியில் ஓடத் தொடங்கின. நான்கு பெட்டிகள், இடையிலுள்ள சக்கரத் தொகுதிகளைப் பகிர்ந்துகொண்டு ஒன்றோடொன்று கோத்தவை. லூப்பின் கூர்மையான வளைவுகளில் நுழைய வேண்டும், வெளியே மணிக்கு 80 மைலுக்கு மேல் பறக்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளுக்குப் பொறியாளர்கள் கண்ட விடை அது. உள்ளே மது அருந்தும் கூடம். அங்கே ‘எலெக்ட்ரோபர்கர்’ என்று ஒரு பண்டம் பேர்பெற்றது.

இந்தக் காலத்தில் வினெட்காவில் இன்னொரு வேலை நடந்தது. தண்டவாளம் தெருமட்டத்தில் ஓடியதால் அங்கே லெவல் கிராசிங்குகளில் உயிர்ச்சேதம் தொடர்ந்தது. 1938 முதல் 1943 வரை நார்த் ஷோர், நார்த் வெஸ்டர்ன் ஆகிய இரு ரயில்வேக்களின் தண்டவாளங்களும் பள்ளத்தில் இறக்கப்பட்டன. மத்திய அரசின் பொதுப்பணி நிதி இதற்குக் கைகொடுத்தது. அந்த நிதியை நிர்வகித்த ஹெரால்ட் இக்கஸ் வினெட்காவாசி. இத்தனை செலவில் இறக்கிய பள்ளத்தில் நார்த் ஷோர் ஓடியது பன்னிரண்டு ஆண்டுகள் மட்டுமே. 1955 ஜூலையில் கரையோர வழி மூடப்பட்டது.

போர்க்காலக் கூட்டம் வடிந்ததும் பழைய பலவீனங்கள் வெளிப்பட்டன. 1947இல் உயர்மட்ட ரயில்கள் சிகாகோ போக்குவரத்து ஆணையத்திடம் போயின. நார்த் ஷோர் இப்போது தன் உடன்பிறப்பின் தண்டவாளத்தில் ஓடவில்லை. அயலாரின் தண்டவாளத்தில் வாடகைக்கு ஓடியது. 1951இல் ஈடன்ஸ் விரைவுச்சாலை திறந்தது, ஏறக்குறைய ரயிலுக்கு இணையாகவே. சாலை பொதுப் பணத்தில் எழுந்தது. ரயில் நிறுவனமோ தன் நிலத்துக்கு வரி கட்டிக்கொண்டு, அந்தச் சாலையோடு போட்டி போட வேண்டும். பிற்பாடு வந்த தாய் நிறுவனமான சஸ்குவஹானா கார்ப்பரேஷனுக்கு வேறு தொழில்கள் இருந்தன. ரயிலின் நட்டம் அவற்றின் வரியைக் குறைக்க உதவியது. நட்டம் வரவில் சேரும் இடத்தில் யார் பெட்டிகளைப் புதுப்பிப்பார்கள்?

1958இல் நிறுவனம் முழுப் பாதையையும் கைவிட அனுமதி கேட்டது. பயணிகள் சங்கம் எதிர்த்தது, வாங்கி நடத்தவும் முயன்றது, தொகை சேரவில்லை. மாநிலங்களிடை வணிக ஆணையம் 1962இல் ஒப்புதல் தந்தது. 1963 ஜனவரி 21 அதிகாலை, கடுங்குளிரில் கடைசி ரயில் ஓடி முடிந்தது.

இன்சலிடம் இருந்த மூன்று மின்ரயில்களையும் அருகருகே வைத்தால் ஒன்று விளங்கும். சிகாகோ அரோரா அண்ட் எல்ஜின் பாதை, விரைவுச்சாலைக் கட்டுமானத்தால் 1953இல் நகர மையத்துக்கான வழியை இழந்தது. 1957 ஜூலை 3 அன்று நடுப்பகலில், காலையில் வேலைக்குப் போன பயணிகளை மாலையில் திருப்பிக் கொண்டுவராமலே அது நின்றது. சவுத் ஷோர் பாதைக்குச் சரக்கு வருமானம் தாங்குதலாக இருந்தது. 1977இல் இந்தியானாவில் அதற்கென்றே ஒரு பொது அமைப்பு உருவானது. அது இன்றும் ஓடுகிறது. மோட்டார் வண்டி மூன்றையும் ஒரேபோலத்தான் தாக்கியது. பொறுப்பேற்க யார் முன்வந்தார்கள் என்பதில்தான் வேறுபாடு.

எலெக்ட்ரோலைனர்களை ஃபிலடெல்ஃபியாவின் ஒரு புறநகர் ரயில் நிறுவனம் வாங்கி 1964 முதல் ‘லிபர்ட்டி லைனர்’ என்ற பெயரில் ஓட்டியது. இப்போது ஒரு தொடர் இல்லினாய் ரயில்வே அருங்காட்சியகத்திலும், மற்றொன்று பென்சில்வேனியாவின் ராக்ஹில் டிராலி அருங்காட்சியகத்திலும் உள்ளன. கரையோர வழியின் நிலமும் வாக்கீகனுக்கு வடக்கே உள்ள நிலமும் பெருமளவு சைக்கிள் பாதைகளாகிவிட்டன. ஹோவர்டுக்கும் டெம்ப்ஸ்டருக்கும் இடையிலான சுமார் 8 கி.மீ. துண்டை மட்டும் போக்குவரத்து ஆணையம் வாங்கி, மத்திய அரசின் உதவியோடு 1964 ஏப்ரல் 20 அன்று ‘ஸ்கோக்கி ஸ்விஃப்ட்’ என்று ஓட்டத் தொடங்கியது. எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாகக் கூட்டம் வந்தது. ஓடும்போதே மேல்கம்பிக்கு மாறும் நார்த் ஷோர் பழக்கம் அதில் 2004 வரை நீடித்தது. இன்று மஞ்சள் வழி எனப்படும் அந்தத் துண்டில், 2012இல் ஓக்டனில் புதிதாக ஒரு நிலையமும் சேர்க்கப்பட்டது.