நியமனமும் எல்லையும்: கல்முனையின் உள்ளூராட்சிப் பிணக்குகள்

உள்ளூராட்சி மன்றங்களின் வரலாற்றை ஆராய்வோர் அவற்றின் வருமானத்தையும் கடமைகளையுமே பெரிதும் நோக்குவர். எனினும், அம்மன்றங்களைச் சுற்றி எழுந்த பிணக்குகள் பல வேறொரு வினாவிலேயே வேர்கொண்டுள்ளன. மன்றத்தின் ஆசனத்தை வழங்கும் உரிமை எவர்க்கு உரியது என்பதே அவ்வினா. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் அது நியமனம் பற்றிய பிணக்காக இருந்தது. நியமனம் ஒழிந்தபின் எல்லை பற்றிய பிணக்காக உருமாறியது. இம்மாற்றத்தை அம்பாறைக் கரையோரத்துக் கல்முனையின் வரலாறு தெளிவாக உணர்த்துகின்றது.

1865 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்கீழ்க் கொழும்பிலும் கண்டியிலும் மாநகர சபைகள் தோன்றின. அவற்றிலே தெரிவுசெய்யப்பட்ட அங்கத்தவரோடு தேசாதிபதியால் நியமிக்கப்பட்டோரும் அமர்ந்தனர். அரசாங்க அதிபரே தலைமை தாங்கினார். 1871 இல் புத்துயிர் பெற்ற கிராமச் சபைகளிலும் நிலைமை வேறன்று. குடிமக்கள் உறுப்பினரைத் தெரிந்தபோதும், தலைமை ஆசனம் அரசாங்கத்தின் பிரதான தலைமைக்காரர்க்கே உரியதாயிற்று. அக்காலத்தில் மட்டக்களப்பு மாவட்டத்துக்கு உட்பட்டிருந்த இக்கரையோரத்தில் அத்தலைமைக்காரர் வன்னியனார் ஆவார். சிறுபட்டினங்களுக்கென 1892 இல் விதிக்கப்பட்ட சுகாதாரச் சபைகளோ முற்றிலும் நியமனத்தையே சார்ந்திருந்தன.

இத்தகைய ஏற்பாட்டுக்கு எதிரான குரல் பிரித்தானியப் பேரரசின் பிற நகரங்களிலும் ஒலித்தது. அவற்றுட் கல்கத்தாவில் நிகழ்ந்தது குறிப்பிடத்தக்கது. அங்கு மாநகர மன்றத்தின் உறுப்பினர் ஆணையாளர் என அழைக்கப்பட்டனர். 75 ஆணையாளருள் 50 பேர் வரியிறுப்போரால் தெரிவுசெய்யப்பட்டனர். 1899 ஆம் ஆண்டுச் சட்டம் மொத்த எண்ணிக்கையை 50 ஆகவும், தெரிவானோர் எண்ணிக்கையை 25 ஆகவும் குறைத்தது. குறைக்கப்பட்ட 25 ஆசனங்களும் மக்களின் ஆசனங்களே என்பது கவனிக்கத்தக்கது. சுரேந்திரநாத் பானர்ஜி உள்ளிட்ட 28 ஆணையாளர் பதவி துறந்தனர். பிற்காலத்தில் அமைச்சராகிய பானர்ஜியே 1923 ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொணர்ந்து அம்மன்றத்தை மக்கள் மன்றமாக்கினார்.

இலங்கையில் மாற்றம் படிப்படியாகவே நிகழ்ந்தது. 1937 இல் இரத்தினசோதி சரவணமுத்து கொழும்பின் முதலாவது தெரிவுசெய்யப்பட்ட நகர முதல்வரானார். 1946 ஆம் ஆண்டின் பட்டின சபைகள் சட்டம் பழைய சுகாதாரச் சபைகளின் இடத்திலே தேர்தல்வழி மன்றங்களை நிறுவிற்று. ஆயினும், மேலிடத்தின் பேனா முற்றாக ஓய்ந்துவிடவில்லை. மன்றத்தை அமைப்பதும், அதன் எல்லையை வகுப்பதும், கலைப்பதும் அமைச்சரின் வர்த்தமானி அறிவித்தலையே சார்ந்து நின்றன. மன்றம் கலைக்கப்படின் விசேட ஆணையாளர் ஒருவர் அதன் பணிகளை ஏற்பார். கல்கத்தாவில் மக்களின் பிரதிநிதியைக் குறித்த சொல் இங்கு மக்களின் பிரதிநிதி இல்லாத வேளையில் ஆளும் உத்தியோகத்தரைக் குறிப்பதாயிற்று.

கல்முனைப் பகுதியிலே முன்னர்க் கல்முனைப் பட்டின சபை, கரைவாகு வடக்கு, மேற்கு, தெற்குக் கிராம சபைகள் என நான்கு மன்றங்கள் இயங்கின. 1980 ஆம் ஆண்டின் அபிவிருத்திச் சபைகள் சட்டத்தைத் தொடர்ந்து நாடெங்கும் பட்டின சபைகளும் கிராம சபைகளும் மறைந்தன. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வந்தபோது, பழைய நான்கு மன்றங்களின் பரப்பும் ஒரே சபைக்குள் அடங்கியது. அச்சபையே பின்னர் மாநகர சபையாக உயர்ந்தது.

இந்த இணைப்பிலிருந்தே பிற்காலப் பிணக்குகள் கிளைத்தன. கரைவாகு தெற்கின் வழிவந்த சாய்ந்தமருது மக்கள் தமக்கெனத் தனிச் சபை கோரினர். சாய்ந்தமருது மட்டும் பிரியின் எஞ்சிய சபையில் தம் பெரும்பான்மை குன்றும் என அஞ்சிய கல்முனை முஸ்லிம்கள், பிரிப்பதாயின் பழைய எல்லைகளின்படி நான்காகவே பிரித்தல் வேண்டும் என்றனர். தமிழர் தரப்போ கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்துமாறு வேண்டி 2019 ஜூனில் உண்ணாவிரதம் இருந்தது. பிரதேச செயலகம் நிருவாக அமைப்பு. மாநகர சபை பிரதிநிதித்துவ அமைப்பு. இரண்டும் வேறாயினும் இரண்டிலும் விடையை நிர்ணயிப்பது எல்லைக்கோடே. ஒவ்வொரு தரப்பின் அச்சத்துக்கும் அடிப்படை உண்டு என்பதை நடுநிலையாளர் மறுக்கவியலாது.

2020 பெப்ரவரியிற் சாய்ந்தமருதுக்கு நகர சபை அமைக்கும் வர்த்தமானி வெளியாகியது. அதே மாதத்திலேயே அது இடைநிறுத்தப்பட்டது. சில நாள்களுக்குள் ஓர் ஊர் மன்றத்தைப் பெற்றதும் இழந்ததும் வாக்குச்சீட்டினால் அன்று. 2023 மார்ச்சில் நாட்டின் பெரும்பாலான உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிவுற்றபோது, உரிய காலத்திற் தேர்தல் நடைபெறாமையால் நிருவாகம் உத்தியோகத்தர் வசமாயிற்று. தேர்தலை நடத்தாமை மக்களின் அடிப்படை உரிமையை மீறியதென 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6 ஆம் திகதி 339 மன்றங்களுக்குத் தேர்தல் நடைபெற்றது. வரிப்பத்தான்சேனை மக்கள் இறக்காமம் பிரதேச சபைக்கு வாக்களித்த அந்நாளில், வழக்கு நிலுவையிலிருந்தமையாற் கல்முனை மாநகர சபைக்கு வாக்களிப்பு நிகழவில்லை.

வன்னியனார் தலைமை தாங்கிய காலத்தில் நியமனம் வெளிப்படையாக இருந்தமையால் அதனை எதிர்த்தல் எளிதாயிற்று. எல்லையோ வரைபடத்தில் மறைந்துநின்று, இன்ன ஊரவர் பெரும்பான்மையர், இன்ன ஊரவர் சிறுபான்மையர் எனத் தேர்தலுக்கு முன்னரே தீர்மானித்துவிடுகின்றது. ஊர்களுக்கிடையே பகை வளர்வதும் இதனாலேயே. 1987 இல் நான்கு மன்றங்களை ஒன்றாக்கிய முடிவும், 2020 இல் ஒன்றைப் பிரித்துப் பின் நிறுத்திய முடிவும் ஊரவரின் இணக்கத்தின் மீது அமையவில்லை. எல்லையை வகுக்குமுன் அயலூரார் மூவரும் நால்வரும் ஒன்றாக அமர்ந்து பேசுவதற்குரிய முறையொன்று சட்டத்தில் இடம்பெறாதவரை, தேர்தல் நடப்பினும் பழைய நியமனத்தின் நிழல் நீங்காது.