காலர்ட் கீரையும் குளிர்காலப் பரங்கியும்

காலர்ட், முட்டைக்கோஸ் இனத்துக் கீரை. ஆனால் கோஸைப் போல உருண்டு தலை கட்டாது. இலைகள் அகன்று, தடித்து, கரும்பச்சையாக இருக்கும். அமெரிக்கத் தென் மாநிலங்களின் குளிர்காலச் சமையலில் இதற்குத் தனி இடம் உண்டு. தென் கரோலினா 2011இல் இதை மாநிலக் கீரையாகவே அறிவித்தது. உறைபனி பட்ட இலையில் இனிப்பு கூடும். குளிரைத் தாங்கச் செடி தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது.

நடுநரம்பை உருவி, இலைகளைச் சுருட்டி அரிந்து, புகையூட்டிய பன்றிக்கால் எலும்புடன் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் சிறுதீயில் வேகவைப்பர். அரைக்கீரைப் பக்குவத்தில் இறக்கினால் தோலை மெல்வது போலிருக்கும். வெந்த சாற்றுக்குப் ‘பாட்லிக்கர்’ என்று பெயர். அதைக் கொட்டுபவர் சமைக்கத் தெரியாதவர். மக்காச்சோள ரொட்டியை அதில் தோய்ப்பதா, உதிர்த்துப் போடுவதா என்று 1931இல் லூசியானா ஆளுநர் ஹியூயி லாங்கும் ‘அட்லாண்டா கான்ஸ்டிடியூஷன்’ நாளேடும் மல்லுக்கட்டியதுண்டு.

‘குளிர்காலப் பரங்கி’ குளிர்காலத்தில் காய்ப்பதல்ல. இலையுதிர் காலத்தில் முற்றவிட்டுப் பறித்து, கெட்டித் தோலின் தயவால் மாதக்கணக்கில் வைத்திருப்பது. இவ்வகையில் புகழ்பெற்ற பட்டர்நட், நம் பரங்கிக்காயின் இனமான குக்குர்பிட்டா மொஸ்காட்டாவைச் சேர்ந்தது.

இரண்டையும் சேர்த்துச் சமைக்கையில், பரங்கி இருபது நிமிடத்தில் குழைந்துவிடும். ஆகவே கீரை முக்கால் பதம் வெந்த பிறகே துண்டுகளைச் சேர்க்க வேண்டும். கீரையின் மெல்லிய கசப்பைப் பரங்கியின் இனிப்பு அடக்கும். இறக்கும்போது சிறிது வினிகரும் மிளகாயும் போதும். காலர்ட் கிடைக்காத ஊரில் முட்டைக்கோஸின் வெளிப்புறக் கரும்பச்சை இலைகளே நெருங்கிய மாற்று.