மேற்கூரை சொன்ன பொய்

இலண்டன் மாநகரிலே, ஒயிட்ஹால் என்னும் வீதியிலே, பழைய மண்டபம் ஒன்று நிற்கிறது. விருந்து மண்டபம் என்பது அதன் பெயர். ஒரு காலத்தில் அங்கே பரந்து விரிந்து கிடந்தது ஓர் அரண்மனை. உல்சி என்னும் சமயத் தலைவரிடமிருந்து எட்டாம் ஹென்றி மன்னன் பறித்துக்கொண்ட மனை அது. 1698ஆம் ஆண்டு தீ அதனை விழுங்கிற்று. கூடங்களும் கோபுரங்களும் சாம்பலாயின. விருந்து மண்டபம் தப்பிற்று. தப்பியது நன்று என்போம் நாம். ஏடுகள் பல கூறும் பாடத்தை அந்த ஒரு மண்டபம் கூறுகிறது!

முதலாம் ஜேம்ஸ் மன்னனுக்காக இனிகோ ஜோன்ஸ் எனும் சிற்பி எழுப்பிய மண்டபம் அது, 1622இல் முடிவுற்றது. மன்னர்கள் மண்ணுலகிலே கடவுளின் பிரதிநிதிகள், அவர்களைக் கேள்வி கேட்க மக்களுக்கு உரிமை இல்லை என்பது ஜேம்சின் கொள்கை. மகன் முதலாம் சார்லஸ், அந்தக் கொள்கையைக் கூரையிலேயே தீட்டச் செய்தான். தீட்டியவர் புகழ்பெற்ற ஓவியர் ரூபன்ஸ். 1636இல் ஓவியங்கள் கூரையிலே பொருத்தப்பட்டன. நடுவே ஜேம்ஸ், தெய்வ உருவங்கள் தாங்கிட, வானகம் ஏகும் காட்சி! வரி கொடுத்தவன் மண்ணிலே; வரி வாங்கியவன் விண்ணிலே!

ஓவியம் அழகுதான், மறுப்பார் இல்லை. ஆனால் அழகு, பொய்யை மெய்யாக்கிவிடுமா?

கடவுளின் பிரதிநிதிக்குக் கேவலம் மக்களின் பிரதிநிதிகள் எதற்கு? 1629 முதல் பதினோராண்டுக் காலம் பாராளுமன்றத்தைக் கூட்டாமலே ஆண்டான் சார்லஸ். 1642இல் உள்நாட்டுப் போர் மூண்டது. மன்னன் தோற்றான். 1649 ஜனவரியில், வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்திலே, குற்றவாளியாக நிறுத்தப்பட்டான். "எந்த அதிகாரத்தால் என்னை விசாரிக்கிறீர்?" என்பதே அவன் கேள்வி. மரண ஆணையில் 59 பேர் ஒப்பமிட்டனர்.

ஜனவரி 30. கடுங்குளிர். நடுங்கினால் அஞ்சி நடுங்குவதாக மக்கள் எண்ணுவரே என்று இரண்டு சட்டைகளை அணிந்துகொண்டான் மன்னன். தெய்வாம்சம் பொருந்திய உடலுக்கும் குளிர்கிறது! தந்தை விண்ணேகும் அதே கூரையின் கீழே நடந்து, வெளியே அமைத்த கொலைமேடைக்குச் சென்றான். கூரை வாய் திறக்கவில்லை. வானவர் எவரும் இறங்கி வரவில்லை.

ஒரு மனிதனின் தலை வீழ்ந்ததை நாம் கொண்டாடவில்லை. அடுத்து நடந்ததைத்தான் எண்ணிப் பார்க்கச் சொல்கிறோம். சிந்திய இரத்தத்தைத் துணியிலே தோய்த்து எடுத்தனர் சிலர். அது நோய் தீர்க்கும் என்று நம்பினர்! தலையை வெட்டியது கோடரி. தலைக்குள் இருந்த மடமையை வெட்டவில்லை. மன்னராட்சியை ஒழித்த கிராம்வெல்லும் பின்னர் அதே அரண்மனையிலே குடியேறினார். 1658இல் அங்கேயே மாண்டார்.

1660இல் மன்னராட்சி மீண்டது. இரண்டாம் சார்லஸ் அரியணை ஏறினான். அதே விருந்து மண்டபத்திலே, கண்டமாலை நோயாளிகள் வரிசையாக மண்டியிட்டனர். மன்னன் கை பட்டால் நோய் தீருமாம்! அவன் ஆட்சியிலே தொட்டுவிடப்பட்டோர் தொண்ணூறாயிரத்துக்கும் அதிகம். கழுத்திலே ஒரு பொற்காசும் மாட்டப்பட்டது. காசு பொன்தான், மருத்துவமோ பொய்!

1689 பிப்ரவரியில் அதே மண்டபம் வேறொரு காட்சி கண்டது. வில்லியம், மேரி இருவருக்கும் முடி வழங்கப்பட்டது. ஆனால் அதற்கு முன், மக்கள் மன்றத்தின் இசைவின்றிச் சட்டத்தை நிறுத்துவதோ வரி தண்டுவதோ முறையன்று என்னும் உரிமை அறிக்கை படித்துக் காட்டப்பட்டது. விண் தந்ததாகச் சொன்ன முடியை, மண்ணின் மன்றம் நிபந்தனை கூறித் தந்தது! 1714இல் வந்த முதலாம் ஜார்ஜ், தொட்டு நோய் தீர்க்கும் சடங்கையும் கைவிட்டான். 1882இல் காச நோய்க் கிருமியை ராபர்ட் காக் கண்டறிந்தார். கண்டமாலை அந்நோயின் ஒரு வடிவமே. மன்னர் கை தீர்க்காததை, இன்று மருந்து தீர்க்கிறது.

கோடரி ஒரு நாளில் செய்யாததை, அறிவு ஆண்டுக்கணக்கில் செய்தது. ஆளை மாற்றுவது எளிது. அடிமை எண்ணத்தை மாற்றுவது அரிது. அரிய பணியே நம் பணி. மண்டபங்கள் நிற்கட்டும், ஓவியங்கள் ஒளிரட்டும்; அண்ணாந்து பார்ப்போம், கலையை வியப்போம். ஆனால் கூரை சொல்வதையெல்லாம் நம்பிக் குனிந்து நிற்க மாட்டோம்!