ஒரே கல், பல நிறம்: டூர்மலின் நிறம் மாறுவது ஏன்?

கெடாவின் ஜெராய் மலைக்குப் போயிருக்கிறீர்களா? அங்குள்ள வெளிறிய பாறைகள் சிலவற்றில் கறுப்புப் படிகங்கள் பதிந்திருக்கும். அவை டூர்மலின். நகைக்கடையில் இளஞ்சிவப்பாகவும் பச்சையாகவும் மின்னும் டூர்மலினும் அதே குடும்பம்தான். அப்புறம் ஏன் இத்தனை நிறம்?

பெக்மடைட் என்றால் என்ன?

பூமிக்கு அடியில் கிரானைட் பாறைக்குழம்பு ஆறி இறுகும்போது, கடைசியில் கொஞ்சம் மிஞ்சும். குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் போன்ற கனிமங்கள் ஏற்றுக்கொள்ளாத போரான், லித்தியம், நீர் எல்லாம் அதில் சேர்ந்துவிடும். அந்த மிச்சம் பாறைப் பிளவுகளில் புகுந்து பெரிய படிகங்களாக இறுகினால், அதுதான் பெக்மடைட்.

நிறம் எப்படி வருகிறது?

எல்லா டூர்மலினிலும் போரான் உண்டு. கூடவே எந்தத் தனிமம் சேர்கிறது என்பதைப் பொறுத்து நிறம் மாறும்.

• இரும்பு: கறுப்பு நிற ஷோர்ல். பெரும்பாலும் பெக்மடைட்டின் ஓரத்தில் முதலில் வளரும்.

• லித்தியம்: எல்பைட். இரும்பு தீர்ந்த பிறகு நடுப்பகுதியில் வளரும். இத்தாலியின் எல்பா தீவால் வந்த பெயர். லித்தியம் நிறம் தராது. மாங்கனீசு சேர்ந்தால் இளஞ்சிவப்பு, சிறிது இரும்பு சேர்ந்தால் பச்சை அல்லது நீலம்.

• செம்பு: பளிச்சென்ற நீலம். 1980களில் பிரேசிலின் பராய்பா மாநிலத்தில் கிடைத்த எல்பைட் இதற்குப் புகழ்பெற்றது.

உள்ளே சிவப்பு, வெளியே பச்சை என்றிருக்கும் 'தர்பூசணி' டூர்மலினும் உண்டு. படிகம் வளர வளர, அதைச் சுற்றியிருந்த வேதிப்பொருள்கள் மாறியதற்கு அதுவே சாட்சி.

பக்கத்துப் பாறைக்கு என்ன ஆகும்?

போரான் கலந்த சூடான திரவம் வெளியே கசியும். சுற்றியுள்ள பாறையின் மெக்னீசியத்தோடும் இரும்போடும் சேர்ந்து, அங்கேயே புது டூர்மலினை உருவாக்கும். மெக்னீசியம் மிகுந்தது டிராவைட். பெரும்பாலும் பழுப்பு நிறம். சில இடங்களில் அந்த மெக்னீசியம் பெக்மடைட்டின் ஓரத்துக்குள்ளும் வந்துவிடும். கொடுக்கல் வாங்கல் இரு பக்கமும்தான்!

இது உங்களுக்கு ஏன் முக்கியம்?

உங்கள் கைத்தொலைபேசி மின்கலத்துக்கு லித்தியம் வேண்டும். அது கிடைக்கும் முக்கிய இடங்களில் ஒன்று பெக்மடைட். ஆனால் எல்லாப் பெக்மடைட்டிலும் அது போதிய அளவு இருக்காது. டூர்மலினில் இரும்பு குறைந்து லித்தியம் கூடுகிறதா என்று சோதித்தால், பெரிதாகத் தோண்டுவதற்கு முன்பே துப்பு கிடைக்கும். கறுப்புக் கல்லை மட்டும் பார்த்துவிட்டு, "லித்தியம் இருக்கு" என்று சொல்லிவிட முடியாது.