உதவியும் நட்டஈடும்: ஒரு சொல்லின் 34 ஆண்டுகள்

காலநிலை மாற்றம் பற்றிய சர்வதேச உடன்படிக்கைகளை வெறும் சூழலியல் ஆவணங்களாகப் பார்ப்பது போதாது. யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்ற நீண்ட வழக்கின் ஆவணங்களும் அவையே. ஒருகாலத்தில் வரலாறு படிப்பித்தவனும் இப்போது தொழிற்சாலையில் இயந்திரத்தின் முன் நிற்பவனுமாகிய எனக்கு, அவ்வழக்கில் ஒரு சொல்லின் கதையே முக்கியமாகப் படுகிறது. அச்சொல் 'நட்டஈடு'.

1991இல், காலநிலைச் சமவாயத்துக்கான பேச்சுவார்த்தைகளில், சிறுதீவு நாடுகளின் கூட்டணி சார்பில் பசிபிக் தீவுநாடான வனுவாட்டு ஒரு திட்டத்தை முன்வைத்தது. கடல்மட்டம் உயர்வதால் தாழ்நிலத் தீவுகளுக்கு ஏற்படும் இழப்பை ஈடுசெய்ய ஒரு சர்வதேசக் காப்புறுதி நிதியம் வேண்டும். கைத்தொழில் நாடுகள் தமது தேசிய உற்பத்திக்கும் வெளியேற்றும் காபனீரொட்சைட்டுக்கும் ஏற்ப அதற்குப் பணம் செலுத்தவேண்டும் என்பதே அது. 1992இல் ரியோவில் கையெழுத்துக்கு வைக்கப்பட்ட சமவாயத்திலோ அந்த நிதியம் இல்லை. 'காப்புறுதி' என்ற சொல் மட்டும் ஒரு பிரிவில் எஞ்சியிருந்தது.

காரணம் செயல்முறையில் இருக்கிறது. இச்சமவாய மாநாடுகளில் வாக்கெடுப்பு பற்றிய விதி இன்றுவரை ஏற்றுக்கொள்ளப்படவில்லை. ஆகவே முடிவுகள் கருத்தொருமிப்பின் மூலமே எட்டப்படுகின்றன. பார்வைக்கு இது சமத்துவம். நடைமுறையில், பணம் கொடுக்கவேண்டியவர் சம்மதிக்கும் வாசகமே தாளில் நிலைக்கிறது. இதை உணர்ந்த பீஜி, கிரிபாட்டி, நவுறு, பப்புவா நியூகினி, துவாலு ஆகிய நாடுகள், இச்சமவாயத்தில் இணைவதால் அரசுகளின் பொறுப்புத் தொடர்பான தமது சட்ட உரிமைகளைக் கைவிடவில்லை என்று தனியே பிரகடனம் செய்தன.

2015இல் பாரிஸ் உடன்படிக்கையின் 8ஆம் பிரிவு 'இழப்பும் சேதமும்' என்பதை ஏற்றது. ஆனால் அப்பிரிவு எந்தச் சட்டப் பொறுப்புக்கோ நட்டஈட்டுக்கோ அடிப்படையாகாது என்று கூடவே நிறைவேற்றப்பட்ட தீர்மானம் கூறியது. என்னோடு வேலைசெய்த ஒருவரின் விரல் இயந்திரத்தில் நசுங்கியபோது, நிர்வாகம் ஒரு கடிதஉறையில் பணம் கொடுத்தது. தன்மேல் பிழையில்லை என்ற தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டது. பாரிஸில் நடந்ததும் ஏறத்தாழ அதுதான்.

பணம் வந்தால் போதாதா, சொல்லுக்கு ஏன் சண்டை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். இழப்பும் சேதமும் நிதியம் 2022இல் எகிப்தில்தான் தீர்மானிக்கப்பட்டது, முதற்கோரிக்கைக்கு 31 ஆண்டுகளின் பின்னர். 2023இல் துபாயில் அதற்கு வாக்களிக்கப்பட்டது சுமார் 70 கோடி டொலர். அது நன்கொடை. நன்கொடையாளர் அடுத்த வருடம் கையை விரித்தால் எந்த மன்றில் முறையிடுவது? உதவிக்கும் நட்டஈட்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுவே.

சொல்லின் கனம் அகதிகளாகிய நமக்குத் தெரியாததல்ல. 1951இன் அகதிகள் சமவாயம் துன்புறுத்தலுக்கு அஞ்சியவனையே அகதி என்கிறது. கடல் விழுங்கும் நிலத்திலிருந்து வந்தவன் அந்த வரைவிலக்கணத்துள் அடங்கான். கிரிபாட்டியைச் சேர்ந்த ஒருவரின் மனுவை நியூசிலாந்தின் உயர்நீதிமன்றம் 2015இல் நிராகரிக்க, அவர் திருப்பியனுப்பப்பட்டார். அந்நாட்டின் செயல் உரிமைமீறல் அல்ல என்றே ஐ.நா. மனித உரிமைகள் குழுவும் முடிவுசெய்தது. ஆனால் நிலைமை மோசமடைந்தால் அவ்வாறு திருப்பியனுப்புவது எதிர்காலத்தில் உரிமைமீறலாகலாம் என்று அது கூறியதையும் நாம் கவனிக்கவேண்டும்.

பேச்சுவார்த்தை மேசையில் அடைபட்ட வழியை நீதிமன்றத்தில் திறக்க முனைந்தவர்கள் மாணவர்கள். 2019இல் தென்பசிபிக் பல்கலைக்கழகச் சட்ட மாணவர்கள் தொடங்கிய கோரிக்கையை அதே வனுவாட்டு ஐ.நா.வுக்கு எடுத்துச்சென்றது. 2025 ஜூலை 23இல் சர்வதேச நீதிமன்றம் தன் ஆலோசனைக் கருத்தை வெளியிட்டது: காலநிலையைப் பாதுகாக்கும் கடப்பாட்டை மீறும் அரசு, சேதத்துக்கும் அம்மீறலுக்கும் உள்ள தொடர்பு நிறுவப்படுமிடத்து, முழுமையான ஈடு செய்யவேண்டியும் வரலாம். இக்கருத்து எந்த அரசையும் கட்டுப்படுத்தாது. ஆயினும் 1991இல் வெட்டப்பட்ட சொல் சட்டத்தின் மொழிக்குள் திரும்பி வந்துவிட்டது. இனி அதை உதவி என்று மாற்றி எழுத வருபவர்களிடம் விழிப்பாக இருப்பதே முக்கியம்.